காபி கேட்டு எழுதிய படிவங்கள்

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்த சுகாதார ஆய்வுப் பிரிவில் இப்போது அவள்தான் களப்பணிக்குப் பொறுப்பு. புதிதாக எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள், புதன்கிழமைப் பேச்சில் வந்து அவர்களுக்கு அரை மணி நேரம் ஏதாவது சொல்லுங்கள் என்றாள். எதைப் பற்றிச் சொல்ல என்று கேட்டேன். "உங்க தப்பப் பத்திச் சொல்லுங்க சார்" என்றாள். ஓய்வு பெற்றவனை அழைத்து மாலை போடுவார்கள், சால்வை போர்த்துவார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் தப்பைக் கேட்கிறாள். என்னிடம் வேலை கற்றவள், அப்படித்தான் இருப்பாள்.

விஷயம் இதுதான். இனி நோயாளிகளின் வீட்டுக்குப் போக வேண்டாம், போனிலேயே கேள்விகளைக் கேட்டு முடித்துவிடலாம் என்று அங்கே ஒரு யோசனை ஓடுகிறதாம். நித்யாவுக்கு அது பிடிக்கவில்லை. நான் போய்ப் பேசினேன். அரை மணி நேரம் என்றார்கள், ஒன்றே கால் மணி நேரம் பேசினேன். எழுதியும் கொடுங்கள் என்று அவள் கேட்டதால் இதை எழுதுகிறேன். என் தப்பால் ஒரு மனிதரின் வலது கால் போயிருக்கும். அந்தக் கதையை மட்டும் விட்டுவிட்டு வேறு எதைச் சொன்னாலும் அது பாதிக் கதைதான்.

என் பெயர் ஜெபராஜ். வீடு வில்லாபுரம். அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். நானும் வாத்தியாராகிவிடுவேன் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். நான் விலங்கியல் படித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் வேண்டும், மூன்று மாத வேலை என்று யாரோ சொன்னார்கள், போனேன். அந்த மூன்று மாதம் முடிய இருபத்தொன்பது வருடம் ஆனது. ஆரம்பத்தில் காசநோய், வயிற்றுப்போக்கு என்று வந்துபோகும் நோய்களைப் பற்றிக் கேட்டுத் திரிந்தேன். பிறகு வந்தால் போகாத நோய்களின் காலம் வந்தது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாத்திரை டப்பா முளைத்தது.

எங்கள் அலுவலகம் கோச்சடையில் ஒரு மாடி வீட்டில் இருந்தது. கீழே படிவங்கள், மேலே டாக்டர்கள். புதன்கிழமை மூன்று மணிக்கு மாடிக் கூடத்தில் பேச்சு. வெளியூரிலிருந்தும் சில சமயம் வெளிநாட்டிலிருந்தும் ஆள் வந்து, நல்வாழ்வு என்றால் என்ன, பரிவோடு பராமரிப்பது எப்படி, தீராத நோயோடு வாழ்வது எப்படி என்று படம் போட்டுக் காட்டிப் பேசுவார்கள். களப்பணியாளர்கள் எல்லாரும் கட்டாயம் உட்கார வேண்டும். எங்களுக்குப் பாதி புரியாது, ஆனால் முறுக்கு நன்றாக இருக்கும். ஒருமுறை ஒருவர் நல்வாழ்வு என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னார். கடைசி வரிசையில் எங்கள் ஜீப் டிரைவர் மாயாண்டி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அருமையாகத் தூங்கினார். பேச்சு முடிந்ததும் நன்றி சொல்ல எழுந்த கோமதி மேடம், "நல்வாழ்வுக்கு நம்ம அறையில ஒரே ஒரு உதாரணம்தான் இருக்குதுங்க, அவரை எழுப்ப வேண்டாம்" என்றார். வந்தவரும் சிரித்துவிட்டார்.

கோமதி மேடம்தான் எங்கள் தலைமை டாக்டர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். குள்ளமாக இருப்பார், குரலை உயர்த்தவே மாட்டார். நாங்கள் எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்புறமுங்க?" என்பார். அதற்கு மேல் நம்மிடம் ஒன்றும் இருக்காது. ஆனாலும் இன்னும் ஏதோ இருக்க வேண்டும் என்று தோன்றிவிடும். திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வருவோம். அவர் திட்டியிருந்தால்கூட நான் அவ்வளவு வேலை பார்த்திருக்க மாட்டேன். எனக்கு முன்கோபம் அதிகம். திட்டினால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

வீட்டுக்குப் போகிற முறையை அவரே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கக் கூடாது, வரி கேட்க வந்தவர் என்று நினைப்பார்கள், அது பைக்குள் இருக்க வேண்டும். நோயாளி தரையில் உட்கார்ந்திருந்தால் நமக்கு நாற்காலி போட்டாலும் உட்காரக் கூடாது. தண்ணீர் கொடுத்தால் முழுதாகக் குடிக்க வேண்டும். கேள்வியை அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். பதில் வராவிட்டால் மனத்துக்குள் பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி வாசிக்க வேண்டும். நான் எண்ணும் வேகத்தில் பத்து சீக்கிரம் வந்துவிடும் என்று மேடமே கேலி செய்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வி கேட்கும்போது நோயாளி தனியாக இருக்க வேண்டும். வீட்டார் பக்கத்தில் இருந்தால் உண்மை வராது என்பது பாடம்.

தனியாக என்று பாடத்தில் எழுதுவது சுலபம். எழுமலைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அம்மா நீங்கள் கொஞ்சம் வெளியே போங்கள் என்று சொல்லிப் பாருங்கள். சந்தேகமாகப் பார்ப்பார்கள், அதற்கப்புறம் அங்கே உட்காரவே முடியாது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும், "ஒரு காபி கிடைக்குமாம்மா?" என்று கேட்பேன். கேட்ட விருந்தாளிக்கு இல்லை என்று சொல்கிற வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. வீட்டம்மா அடுப்படிக்குப் போய்விடுவார். பால் இல்லாவிட்டால் வாங்க ஓடுவார். எனக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். படிவத்தில் உள்ள பதினெட்டுக் கேள்வியையும் முடித்துவிடுவேன். இந்த வித்தையை மற்ற களப்பணியாளர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். எல்லாரும் காபி கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாளைக்கு ஆறு வீடு, ஆறு காபி. பிற்பாடு எனக்கும் சர்க்கரை வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்போது நடந்த ஆய்வு, சர்க்கரை நோயாளிகளின் மனநிலையைப் பற்றியது. மனம் லேசாக இருந்ததா, காலையில் எழுந்ததும் தெம்பாக இருந்ததா, உங்களை அன்போடு கவனிக்க ஆள் இருக்கிறதா என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டுத்தொகை குறைவாக வந்தால் அங்கேயே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, எங்கள் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும். மதிப்பெண் நன்றாக இருந்தால் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

எழுமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே சின்னச்சாமி என்று ஒருவர். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர், சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. மனைவி பாண்டியம்மாள். முதல் தடவையே பாண்டியம்மாள் என்னை அண்ணே என்று கூப்பிட, "அவ உங்கள அண்ணேன்னுட்டா, அப்ப நீங்க எனக்கு மச்சான்" என்று சின்னச்சாமி உறவை முடிவு செய்துவிட்டார். நானும் மாப்ள என்றே கூப்பிட ஆரம்பித்தேன். ஒரு வருடத்தில் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் காபி கேட்டேன். மூன்று தடவையும் அவர் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வேட்டியைப் பாதம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லாக் கேள்விக்கும் ஐந்து சொன்னார். "எனக்கென்ன மச்சான், நல்லாருக்கேன். போட்டுக்கங்க அஞ்சு." போட்டுக்கொண்டேன். இவ்வளவு மதிப்பெண் நான் பரீட்சையில் வாங்கியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஒரு புதுமையான முடிவு வந்தது. நோய் முற்றியவர்களின் மனநிலை, நோய் புதிதாக வந்தவர்களைவிட நன்றாக இருந்தது. அன்பாகக் கவனிக்க ஆள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லா ஆண்களும் ஐந்து. மாடியில் ஒரே மகிழ்ச்சி. கிராமத்துக் குடும்பத்தின் பரிவு நோயாளியைத் தாங்குகிறது என்று தலைப்புப் போட்டு, மேடம் ஒரு பெரிய மாநாட்டில் பேசுவதாக ஏற்பாடானது. படங்கள் எல்லாம் தயார்.

ஆனால் மேடத்திடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த முடிவையும் வெளியே பேசுவதற்கு முன்னால், பதில் சொன்ன மக்களிடம் அவர்கள் ஊரிலேயே போய்ச் சொல்ல வேண்டும். அவர்கள் கொடுத்ததை அவர்களிடம் முதலில் காட்டாமல் எடுத்துக்கொண்டு போவது மரியாதையில்லை என்பார். மற்ற ஆய்வுப் பிரிவுகளில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஊர்ப் பேச்சு என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். பேசுவது நான்தான். மேடம் பேசினால் ஜனங்கள் அந்த "ங்க"வை ரசித்துக்கொண்டு விஷயத்தைக் கோட்டை விட்டுவிடுவார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஊர் கூடும் பொது இடமான மந்தையில் மைக் கட்டியிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சின்னச்சாமி வரவில்லை, பாண்டியம்மாள் வந்திருந்தார். நான் வாத்தியார் மகன் இல்லையா, மைக் கிடைத்தால் விடமாட்டேன். உங்கள் ஊர்ச் சர்க்கரை நோயாளிகள் மன நிறைவோடு இருக்கிறார்கள், நோய் அதிகமாக அதிகமாக நிறைவும் அதிகமாகிறது, ஆண்களை அன்போடு கவனிக்கிறார்கள், இது இந்த மண்ணின் பெருமை என்று அடுக்கினேன். பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் முந்தானையால் வாயைப் பொத்தினார். அப்புறம் பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன சிரிப்பு என்று மைக்கிலேயே கேட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் கோயில் பக்கத்து ஆடுகள் எழுந்து போயின.

பாண்டியம்மாள் எழுந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீகண்ணே. சிரிக்காம என்ன செய்ய? நீங்க வந்ததும் காபி கேப்பீக. நாங்க அடுப்படிக்குப் போயிருவோம். திரும்பி வாரதுக்குள்ள எங்க ஊரு ஆம்பளைக அம்புட்டுப் பேருக்கும் சொகமாகிப் போகும். விருந்தாளி வந்து உக்காந்து எப்படி இருக்கீகன்னு கேட்டா, நல்லாருக்கேன்னு சொல்லாம வேற என்ன சொல்லுவாக? காபி வரப்போற நேரத்துல மூக்கால அழுவாகளா?"

ஆண்களும் சிரித்தார்கள். நான் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் இருந்த ஒவ்வொரு எண்ணும் என் காபியில் ஊறி வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. தனியாகக் கேட்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, உண்மை தெரிந்தவர்களை எல்லாம் நானே அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறேன். கேள்வி கேட்க வந்தவன் என்று நினைத்திருந்தால்கூட வாய் திறந்திருப்பார்கள். காபி கேட்டு நான் விருந்தாளியாகிவிட்டேன்.

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து பெண்கள் பக்கம் போய், "அப்புறமுங்க?" என்றார்.

பாண்டியம்மாளின் முகம் மாறிவிட்டது. குரலைத் தணித்துத்தான் சொன்னார். ஆனால் எல்லாரும் வாயை மூடிவிட்டதால் கேட்டது. "எங்க வீட்டுக்காரரு நெலமை நல்லால்லம்மா. அண்ணே கடைசியா வந்தப்பவே அவருக்கு வலது கால்ல புண்ணு. செருப்புக் கடின்னாரு. துணியச் சுத்தி வேட்டிக்குள்ள மறைச்சுக்கிட்டுத் திரியுறாரு. எங்கிட்டக்கூடக் காட்ட மாட்டேங்குறாரு. நாலு நாளா வாடை வருது."

மைக்கை அப்படியே போட்டுவிட்டு நடந்தோம். சின்னச்சாமி கட்டிலில்தான் இருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. வாங்க மச்சான், வாங்க டாக்டரம்மா, நல்லாருக்கேன் என்றார். உள்ளே திரும்பி, காபி போடச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார். காபி வேண்டாமுங்க என்று மேடம் சொன்னார். எங்கள் பக்கத்தில் முதல் தடவை வீட்டுக்கு வந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். சின்னச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேடம் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சின்னச்சாமி பதறிப்போய்க் காலை மேலே இழுத்துக்கொண்டார். நீங்க என் காலைத் தொடலாமா, எனக்குப் பாவமில்லையா என்று ஏதேதோ சொன்னார். "தொடலைங்க, பாக்கறேன், அவ்வளவுதான்" என்றார் மேடம். பிறகு காத்திருந்தார். நான் பத்து வரை எண்ணினேன். முப்பது வரைக்கும் எண்ணியிருப்பேன். சின்னச்சாமி தானாகவே வேட்டியை விலக்கினார்.

துணியை அவிழ்த்தபோது நான் முகத்தைத் திருப்பாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்திருந்தன. பாதத்தின் ஓரம் வீங்கி மினுமினுத்தது. வலிக்கவில்லையா என்று மேடம் கேட்டார். வலி இல்லாததால்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார் அவர். சர்க்கரை வந்து வருடக்கணக்கானவர்களுக்குக் காலில் உணர்ச்சி மரத்துப்போகும், வலி இல்லை என்பதுதான் ஆபத்து என்று நான் எத்தனையோ புதன்கிழமைகளில் முறுக்குத் தின்றுகொண்டே கேட்டிருக்கிறேன். மூன்று தடவை இவர் எதிரில் உட்கார்ந்தும் காலைப் பார்க்கத் தோன்றவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை, அதனால் நான் பார்க்கவில்லை.

இன்றைக்கே மதுரைக்கு வர வேண்டும் என்றார் மேடம். சின்னச்சாமி முடியாது என்று தலையாட்டினார். அவருடைய அண்ணன் இதேபோல் ஒரு புண்ணோடு போய், முழங்காலுக்குக் கீழே இல்லாமல் திரும்பி வந்தவர். அதைப் பார்த்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே வெட்டுவது என்று மனத்தில் பதிந்துவிட்டது. எல்லாரிடமும் நல்லாருக்கேன் என்று சொல்லி வந்ததற்குக் காரணம் மரியாதை மட்டும் அல்ல, இந்தப் பயமும்தான்.

"காலு போச்சுன்னா நான் எதுல நிக்க?" என்றார்.

மேடம் பொய் சொல்லித் தேற்றவில்லை. இன்றைக்கு வந்தால் விரலோடு போகும் என்று நினைக்கிறேன், அடுத்த வாரம் வந்தால் எது வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியாது என்றார். சின்னச்சாமி என்னைப் பார்த்தார். நீங்க சொல்லுங்க மச்சான் என்றார். 

"மாப்ள, உங்க வீட்டுல மூணு காபி குடிச்சிட்டேன். ஒரு தடவைகூட உங்க காலைப் பாக்கல. தப்பு எம்மேல. அதுக்காகவாவது வாங்க" என்றேன்.

 அவர் பாண்டியம்மாளிடம் சட்டையை எடுத்துவரச் சொன்னார். மாயாண்டியும் நானும் கையைக் கோத்து அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஜீப்பில் ஏற்றினோம். உசிலம்பட்டி தாண்டும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் மாயாண்டி கியர் போடுவது சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பாடம் நடத்தினார். டிராக்டர் ஓட்டிய வாய். எனக்கு அதைக் கேட்டபின்தான் மூச்சு வந்தது.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலை முடிந்ததும் வார்டுக்குப் போய்வந்தேன். பெஞ்சில் பாண்டியம்மாள் இருப்பார், பிளாஸ்கில் கஞ்சி இருக்கும். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றுவார்.

மாநாட்டில் மேடம் என்ன செய்யப்போகிறார் என்று அலுவலகமே காத்திருந்தது. போகாமலே இருந்துவிடலாம் என்று மாடியில் சிலர் சொன்னார்கள். மேடம் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேடையில் முதல் படத்தைப் போட்டு, இது தவறான முடிவு, இது எப்படித் தவறானது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். காபிக் கதையை முழுதாகச் சொன்னார். தவறைக் கண்டுபிடித்தது யார் என்று கூடத்தில் ஒருவர் கேட்டபோது மந்தையில் சிரித்த பெண்கள் என்றார். காபி கேட்டது யார் என்று கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் எழுந்து கும்பிட்டேன். கூடம் முழுக்கச் சிரித்துக் கை தட்டியது. அவமானமாக இருக்கும் என்று பயந்துகொண்டு போயிருந்தேன். உண்மையைச் சொன்னால் இவ்வளவு நிம்மதியா என்று இருந்தது. மதியச் சாப்பாட்டு வரிசையில் நாலு பேர் வந்து, எங்கள் ஊரில் நாங்கள் மோர் கேட்போம் என்றார்கள்.

திரும்பி வந்து படிவத்தை மாற்றினோம். முதல் வேலை பாதத்தைப் பார்ப்பது, கேள்வி அதற்கப்புறம். முடியும் வரை தண்ணீர் தவிர எதையும் வாங்கக் கூடாது. கடைசியில் புதிதாக ஒரு தாள் சேர்ந்தது. அது நோயாளிக்கு இல்லை, அவரைக் கவனித்துக்கொள்கிறவருக்கு. அதை எழுதச் சொன்னது மேடம், எந்த வரிசையில் கேட்பது என்று முடிவு செய்தது நான்.

எட்டு மாதம் கழித்து அந்தப் படிவத்தோடு சின்னச்சாமி வீட்டுக்குப் போனேன். கம்பை ஊன்றி வாசல் வரைக்கும் வந்து கூட்டிப்போனார். காலைக் காட்டச் சொல்வதற்கு முன்பே நீட்டினார். புண் சுத்தமாக ஆறியிருந்தது. கேள்விகளை ஆரம்பித்தேன். மனம் லேசாக இருக்கிறதா என்று கேட்டதும் மனிதர் பிடித்துக்கொண்டார். லேசா, எங்கேயிருந்து லேசு? தூக்கமில்லை. நடந்தால் மணலில் நடக்கிற மாதிரி இருக்கிறது. ஒருநாளைக்கு ஏழு மாத்திரை. கேப்பைக்களியைப் பார்த்தாலே ஆத்திரம் வருகிறது. திருப்பூரில் இருக்கிற மகன் போன் செய்தால் அம்மாவிடம்தான் பேசுகிறான். இன்னொரு காலுக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னார். நான் ஒன்றும் இரண்டுமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். பிறகு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் இவர் பெயருக்குச் சிவப்புக் கோடு போட்டு, இவருடைய நிலை ரொம்ப மோசமாகிவிட்டது என்றார். மேடம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இவருக்கு இப்பத்தானுங்க குணமாக ஆரம்பிச்சிருக்குது" என்றார்.

அன்றைக்கு என் வேலை அத்தோடு முடியவில்லை. கடைசித் தாள் இருந்தது. பாண்டியம்மாளைக் கூப்பிட்டேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். இது உங்களுக்கான கேள்விம்மா, உங்க உடம்பு எப்படி இருக்கு என்று அச்சில் இருந்தபடியே வாசித்தேன். ஊரே கேட்க எழுந்து நின்று என்னைப் புரட்டி எடுத்த பெண்மணி, இந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டார்.

"எனக்கென்னண்ணே. நல்லாருக்கேன்."

நான் பேனாவை எடுக்கவில்லை. மனத்துக்குள் எண்ண ஆரம்பித்தேன். மூன்றுகூட எண்ணியிருக்க மாட்டேன், கட்டிலிலிருந்து சின்னச்சாமி சத்தம் போட்டார்.

"பொய் சொல்றா மச்சான், எழுதாதீக. அவளுக்கு ரெண்டு முட்டியும் வீங்கிக் கெடக்கு. ஏழெட்டு மாசமா எங்காலடியில குத்தவச்சுக் குத்தவச்சுப் புண்ணைத் தொடைச்சுக் கட்டுனதுல வந்தது. செவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கிறா. கேட்டா நல்லாருக்கேங்குறா."

பாண்டியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். இந்த மனிதர் இதையெல்லாம் கவனித்திருக்கிறார் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்து முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சுவரைப் பிடித்தபடி என் எதிரில் தரையில் வந்து உட்கார்ந்தார்.

"ஆமாண்ணே, வலிக்குது. எழுதிக்கங்க" என்றார்.

எழுதிக்கொண்டேன்.